"அமெரிக்கா சரிகிறது" என்று சாதாரண அமெரிக்கர் சொல்லும்போது எதைச் சொல்கிறார்?

கேட்கப்பட்டது இதுதான்: உலகிலேயே பெரிய பொருளாதாரம் அமெரிக்காவுடையது. பெரிய படை, பெரிய பல்கலைக்கழகங்கள், பெரிய கம்பெனிகள் எல்லாம் அங்கேதான். அப்படியிருக்க அங்குள்ள சாதாரண மனிதர் ஏன் "நாடு கெட்டுப்போய்விட்டது, எங்கள் அப்பா காலமே வேறு" என்று புலம்புகிறார்? உண்மையிலேயே சரிவா, அரசியல்வாதிகள் ஊதிப் பெருக்கியதா?

சரிவு உண்மை என்பதே என் பதில். ஆனால் அதை வாஷிங்டனில் தேடினாலும் கிடைக்காது, பங்குச் சந்தையில் தேடினாலும் கிடைக்காது. ஒரு குடும்பத்துக்கும் அதன் அரசுக்கும் நடுவே இருப்பது ஊர். ஆலை, தொழிற்சங்கக் கட்டடம், தேவாலயம், உள்ளூர்ப் பத்திரிகை, மருத்துவமனை எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். கடந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்காவின் பல பகுதிகளில் இடிந்துபோனது அந்த நடுப்பகுதி. ஒஹாயோ மாநிலத்தின் வடகிழக்கில் நெடுங்காலம் வாழ்ந்தவன் என்பதால் அந்த மண்ணை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் ஒரு விசித்திரமான கணக்கு. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பல பத்தாண்டுகளாக அமெரிக்கர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவருகிறது. நாடு போகும் போக்கு திருப்தியா? உங்கள் சொந்த வாழ்க்கை திருப்தியா? நாட்டைப் பற்றிய திருப்தி 1999 பிப்ரவரியில் 71 விழுக்காடு. 2008 அக்டோபரில், வங்கிகள் கவிழ்ந்த அந்த மாதத்தில், 7 விழுக்காடு. 2004 தொடக்கத்துக்குப் பிறகு அது ஒருமுறைகூடப் பாதியைத் தொட்டதில்லை. ஆனால் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் போல "திருப்திதான்" என்கிறார்கள். இதை வைத்துச் சில பொருளாதார எழுத்தாளர்கள், மக்களுக்குக் குறை ஒன்றும் இல்லை, தொலைக்காட்சி பார்த்துப் பயந்துபோயிருக்கிறார்கள் என்று முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வீடு நன்றாக இருக்கிறது, வாசலைத் தாண்டினால் நன்றாக இல்லை என்று ஒருவர் சொன்னால் அதில் முரண்பாடே கிடையாது.

நாடு முழுவதையும் மொத்தமாகப் பார்த்தால் சரிவு தெரியாது என்பதும் உண்மை. 1980இல் உலகப் பொருளாதார உற்பத்தியில் ஏறத்தாழக் கால்பங்கு அமெரிக்காவுடையது, இன்றும் அப்படித்தான். இதற்குள் சீனா எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று நினைத்தால் இது பெரிய சாதனை. அந்தக் கால்பங்கு எந்த ஊர்களில் சேர்ந்தது என்பதில்தான் சிக்கல். சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், பாஸ்டன், ஆஸ்டின் போன்ற ஊர்களைச் சுற்றிச் சேர்ந்தது. நம்மவர்கள் அமெரிக்காவை அறிவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். நியூ ஜெர்சியிலோ டாலஸ் புறநகரிலோ கலிஃபோர்னியாவிலோ ஐடி வேலையில் இருக்கும் அண்ணன், சித்தப்பா மகள் சொல்லும் அமெரிக்கா அது. அதுவும் உண்மையான அமெரிக்காதான். ஆனால் அங்கிருந்து மஹோனிங் பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரியாது.

மஹோனிங் என்பது ஒஹாயோவின் கிழக்கு ஓரத்தில் ஓடும் சிற்றாறு. அதன் இரு கரையிலும் மைல் கணக்கில் எஃகு ஆலைகள் இருந்தன. நடுவில் யங்ஸ்டவுன் நகரம். 1930இல் அங்கே மக்கள்தொகை ஏறத்தாழ 1,70,000. 2020 கணக்கெடுப்பில் 60,000. மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை, யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் ட்யூப் கம்பெனி தன் காம்ப்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த வட்டாரத்தில் இன்றும் அந்த நாளுக்குப் பெயர் கருப்புத் திங்கள். அடுத்த சில ஆண்டுகளில் யு.எஸ். ஸ்டீல், ரிபப்ளிக் ஸ்டீல் ஆலைகளும் வரிசையாக மூடப்பட்டன. யு.எஸ். ஸ்டீல் தன் ஊதுலைகளை 1982இல் வெடிவைத்துத் தகர்த்தது.

ஏன் மூடினார்கள் என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானும் ஜெர்மனியும் புதிய உலைகளோடு தொடங்கின. யங்ஸ்டவுனில் ஓடியவையோ தலைமுறை பழைய உலைகள். மஹோனிங்கில் சரக்குக் கப்பல் வராது, தாதும் நிலக்கரியும் ரயிலில்தான் வர வேண்டும், செலவு அதிகம். 1959இல் எஃகுத் தொழிலாளர்கள் 116 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது வாங்குபவர்கள் இறக்குமதி எஃகைப் பழகிக்கொண்டார்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு, அதைத்தான் ஊர் மக்கள் முதலில் சொல்வார்கள். 1969இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து லைக்ஸ் என்ற கப்பல் கம்பெனி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஷீட் அண்ட் ட்யூபைக் கடன் வாங்கி வாங்கியது. ஆலையில் வந்த பணம் அந்தக் கடனுக்கும் வேறு தொழில்களுக்கும் போனது. உலைகளைப் புதுப்பிக்கப் போகவில்லை. ஆலையை நடத்தத் தெரிந்தவர்களிடமிருந்து, அதைப் பணப்பெட்டியாக மட்டும் பார்த்தவர்களிடம் போனதே முடிவின் தொடக்கம் என்று பழைய தொழிலாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதன் பிறகு அந்த ஊர் என்ன செய்தது என்பது வெளியே அதிகம் பேசப்படாத கதை. அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. கத்தோலிக்க ஆயர் ஜேம்ஸ் மலோன் முன்னின்று, பல சபைகளைச் சேர்ந்த குருமார்களும் தொழிலாளர்களும் ஒரு கூட்டணி அமைத்தார்கள். மூடிய ஆலையை ஊரே வாங்கி நடத்துவது என்று திட்டம். "நம் பள்ளத்தாக்கைக் காப்போம்" என்ற பெயரில் உள்ளூர் வங்கிகளில் கணக்குத் தொடங்கி மக்கள் தங்கள் சேமிப்பைப் போட்டார்கள். மீதித் தொகைக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாதம் வேண்டும். 1979இல் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அரசு அதை மறுத்துவிட்டது.

அதே 1979 ஜூலை 15 இரவு கார்ட்டர் தொலைக்காட்சியில் தோன்றி, நாட்டுக்கு வந்திருப்பது நம்பிக்கை நெருக்கடி என்று பேசினார். அடுத்த ஐந்தாண்டு கடந்த ஐந்தாண்டைவிட மோசமாக இருக்கும் என்று பெரும்பாலான அமெரிக்கர்கள் நினைப்பது நாட்டின் வரலாற்றிலேயே இதுதான் முதல் முறை என்றார். அந்தப் பேச்சை இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். யங்ஸ்டவுன்காரர்களிடம் நம்பிக்கை இல்லாமல் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சேமிப்பைக் கொண்டுவந்து வங்கியில் போட்டவர்கள் அவர்கள்.

அந்த ஆண்டு கடைசியில் யு.எஸ். ஸ்டீல் தன் யங்ஸ்டவுன் ஆலைகளை மூடுவதாக அறிவித்ததும் தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். லாபம் வந்தால் ஆலை ஓடும் என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்தது, அதை நம்பி நாங்கள் உழைத்தோம் என்பது வாதம். 1980 ஜனவரியில் கம்பெனியின் அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி தாமஸ் லாம்ப்ரோஸ் ஒரு கட்டத்தில் முக்கியமான ஒன்றைச் சொன்னார். இத்தனை காலம் ஒரு கம்பெனியும் ஒரு ஊரும் பின்னிப் பிணைந்து வாழ்ந்த பிறகு, அந்த உறவிலிருந்தே ஊருக்கு ஒருவகைச் சொத்துரிமை பிறந்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். கடைசியில் தீர்ப்பு எதிராகத்தான் வந்தது. அப்படியொரு உரிமையைச் சட்டம் அங்கீகரிக்கவில்லை, நீதிமன்றம் அதைப் புதிதாகப் படைக்கவும் முடியாது என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

இந்த வழக்கைத்தான் நான் மையமாக வைப்பேன். பங்குதாரருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. கடன் கொடுத்தவருக்கு இடம் உண்டு. தனிமனிதருக்கும் அரசுக்கும் இடம் உண்டு. ஊருக்கு இடம் இல்லை. மூன்று தலைமுறை உழைப்பால் எழுந்த ஓர் ஊரை ஓர் அறிவிப்பில் கைவிடலாம், கேட்க ஆளில்லை. "எங்களை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை" என்று அங்கே ஒருவர் சொன்னால், அவர் சொல்வது மனக்குறை மட்டுமல்ல, அதற்குத் தீர்ப்பு நகலே இருக்கிறது.

ஆலையோடு சம்பளம் மட்டும் போயிருந்தால் வேறு வேலை தேடியிருப்பார்கள். சங்கக் கட்டடம் போனது. அங்கேதான் ஒரு சாதாரணத் தொழிலாளி கூட்டத்தில் எழுந்து பேசவும், தேர்தலில் நிற்கவும், கணக்குக் கேட்கவும் பழகினார். 1950களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இன்று பத்தில் ஒருவர். ஸ்லோவாக், இத்தாலிய, போலந்துக் குடும்பங்கள் தனித்தனியாகக் கட்டிய தேவாலயங்கள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, சில மூடப்பட்டன. ஐடோரா பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா 1984இல் தீவிபத்துக்குப் பின் மூடப்பட்டது. நார்த்சைட் மருத்துவமனை 2018இல் மூடப்பட்டது. 1869இல் தொடங்கிய விண்டிகேட்டர் நாளிதழ், 150 ஆண்டுகள் ஓடி, 2019 ஆகஸ்ட் 31 அன்று நின்றது. அதன் பெயரைப் பக்கத்து ஊர் நாளிதழ் ஒன்று வாங்கி வெளியிடுகிறது. ஆனால் பழைய செய்தி அறை இல்லை. நாடு முழுவதும் 2005இல் இருந்த நாளிதழ், வார இதழ்களில் மூன்றில் ஒரு பங்கு இன்று இல்லை. மாநகராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆளில்லாத ஊரில், அரசியல் என்றாலே வாஷிங்டன் சண்டை மட்டும்தான் மிஞ்சும். அந்தச் சண்டையை இரவு முழுவதும் காட்டும் சேனல்களுக்குப் பஞ்சமே இல்லை.

வெற்றிடத்தில் எப்படிப்பட்ட தலைவர் வருவார் என்பதையும் யங்ஸ்டவுன் முன்கூட்டியே காட்டியது. ஜேம்ஸ் டிராஃபிகண்ட் என்று ஒரு ஷெரிஃப், அதாவது வட்டாரக் காவல் தலைவர். ஆலைகள் மூடிய பின் கடன் கட்ட முடியாத குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்ற வந்த உத்தரவுகளை நிறைவேற்ற மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனார். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 1984 தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். 2002இல் லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதன் பிறகும் சிறையில் இருந்தபடியே சுயேச்சையாக நின்று, கணிசமான வாக்கு வாங்கினார். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்காகச் சண்டை போடுபவர் கெட்டவராக இருந்தாலும் பரவாயில்லை என்ற அந்த மனநிலையை அப்போதே புரிந்துகொண்டிருந்தால் 2016இல் டிரம்ப் அதிபரானது யாரையும் அதிர்ச்சியில் தள்ளியிருக்காது. யங்ஸ்டவுன் அடங்கிய மாவட்டமான மஹோனிங் கவுண்டி 2008இலும் 2012இலும் ஒபாமாவுக்குப் பெருவாரியாக வாக்களித்தது. 2020இல் டிரம்ப் பக்கம் போனது. 1972க்குப் பிறகு அவருடைய குடியரசுக் கட்சி அங்கே ஜெயித்தது அப்போதுதான். ஒபாமாவுக்கு இரண்டு முறை வாக்களித்தவர்கள் வாழும் வட்டாரம் ஏன் இப்படித் திரும்பியது என்பதற்கு இனவெறி ஒன்றே விளக்கமாகாது. அது அறவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை.

அன்றாட வாழ்க்கையில் இது எப்படித் தெரிகிறது? மருத்துவத்தைச் சொன்னாலே போதும். வேலை வழியாகக் குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பீட்டின் சராசரி ஆண்டுக் கட்டணம் 2024இல் 25,000 டாலரைத் தாண்டியது. பெரும்பகுதியை முதலாளி கட்டுகிறார் என்றாலும், அது சம்பளத்தில் ஏறியிருக்க வேண்டிய பணம். அதற்குப் பிறகும் டிடக்டிபிள் என்று ஒன்று உண்டு. ஆண்டுதோறும் முதல் சில ஆயிரம் டாலரை நம் கையிலிருந்து கட்டினால்தான் காப்பீடு கைகொடுக்கும். வேலை போனால் காப்பீடும் போகும். நெஞ்சு வலிக்கிறதே, ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் எவ்வளவு பில் வருமோ என்று யோசிக்கும் மனிதரிடம் நாட்டின் மொத்த உற்பத்தியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலர், இன்றுவரை ஒரு சென்ட் ஏறவில்லை. டெல்லியில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி தன் குழுவோடு செய்த ஆய்வில், 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் பத்தில் ஒன்பது பேர் முப்பது வயதில் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள் என்று தெரிந்தது. 1980களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். "அப்பா காலமே வேறு" என்ற புலம்பல் இந்த ஆய்வில் எண்ணாகவே நிற்கிறது.

இதைவிடக் கொடியது மாத்திரை. 1996இல் ஆக்சிகான்டின் என்ற வலிநிவாரணி சந்தைக்கு வந்தது. அடிமையாக்கும் ஆபத்து குறைவு என்று மருத்துவர்களை நம்பவைத்து விற்றார்கள். சுரங்கத்திலும் ஆலையிலும் முதுகு ஒடிந்த மனிதர்கள் நிறைந்த ஒஹாயோ, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா அதற்கு நல்ல சந்தை. மாத்திரை கட்டுப்படுத்தப்பட்டதும் ஹெராயின், பிறகு ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைமருந்து. 2021இல் தொடங்கி மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போதை மிகையால் இறந்தார்கள். ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளாதார அறிஞர் தம்பதி 2015இல் காட்டியது இன்னும் முக்கியம்: கல்லூரி போகாத நடுவயது வெள்ளையரிடையே போதை, குடி, தற்கொலையால் வரும் சாவு ஏறிக்கொண்டே இருந்தது. மற்ற பணக்கார நாடுகளில் அப்படி இல்லை. 2014க்குப் பிறகு அமெரிக்காவின் சராசரி ஆயுளே குறையத் தொடங்கியது. கொரோனாவும் சேர்ந்து 2021இல் 76 வயதுச் சொச்சத்துக்கு இறங்கியது. ஒரு நாட்டில் ஆயுள் குறைகிறது என்றால் அதைச் சரிவு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். அமெரிக்கர்கள் சரிவைப் பற்றிப் பேசாத காலமே கிடையாது. 1630இல் "மலைமேல் நகரம்" என்று கனவு கண்டு மாசசூசெட்ஸ் வந்தவர்களின் பிள்ளைகளுக்கே, நீங்கள் முன்னோர் வழியிலிருந்து வழுவிவிட்டீர்கள் என்று போதகர்கள் பிரசங்கம் செய்தார்கள். 1957இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்ததும் ரஷ்யா முந்திவிட்டது என்றார்கள். 1989இல் ஜப்பானிய மிட்சுபிஷி எஸ்டேட் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரின் பெரும் பங்கை வாங்கியபோது ஜப்பான் நாட்டையே வாங்கிவிடும் என்றார்கள். ஆகவே பயத்தின் குரலை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. பழைய பொற்காலம் எல்லோருக்கும் பொன்னாகவும் இல்லை. எஃகு ஆலைகளில் கருப்பினத் தொழிலாளர்களுக்குக் நிலக்கரியைச் சுட்டுக் கோக் எரிபொருளாக்கும் உலை போன்ற சூடும் புகையும் மிகுந்த வேலைகள்தான் காலங்காலமாக ஒதுக்கப்பட்டன. நல்ல வேலைகளுக்கான கதவைத் திறந்துவிட்டது 1974இல் நீதிமன்றம் வழியாக வந்த உடன்பாடு. மூன்றே ஆண்டில் கருப்புத் திங்கள் வந்துவிட்டது. யங்ஸ்டவுனின் கருப்பினக் குடும்பங்களிடம் பழைய காலம் திரும்ப வேண்டுமா என்று கேட்டுப்பாருங்கள், பதில் வேறாக இருக்கும்.

அரசியல் அமைப்பும் மக்களைத் தூரத்தில் வைக்கிறது, இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மக்களவையின் 435 இடங்கள் 1911 சட்டத்தால் வந்தவை. அப்போது மக்கள்தொகை 9 கோடிச் சொச்சம், இன்று 33 கோடிக்கும் மேல். ஓர் உறுப்பினர் ஏழரை லட்சம் பேருக்குமேல் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான தொகுதிகளில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது முன்பே தெரிந்ததுதான். போட்டி கட்சிக்குள்தான் நடக்கிறது, அங்கே கடுமையாகப் பேசுபவருக்கே ஆதாயம். அரசை நம்பலாம் என்று 1964இல் நான்கில் மூவர் சொன்னார்கள். இப்போது ஐவரில் ஒருவர் சொன்னாலே அதிகம்.

அந்த நாட்டால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. 2022 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் ஃபெர்ன் ஹாலோ பாலம், பாலங்களைப் பழுதுபார்ப்பது பற்றிப் பேச அதிபர் பைடன் வரவிருந்த அதே நாள் காலையில் இடிந்து விழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதுப் பாலம் திறந்தாகிவிட்டது. 2023 ஜூனில் பிலடெல்ஃபியாவில் ஐ-95 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி தீயில் சரிந்தபோது பன்னிரண்டே நாளில் வண்டிகள் ஓடின. போதை மரணங்கள் 2024இல் பெரிய அளவில் குறைந்தன. ஆயுளும் மீண்டும் ஏறுகிறது. யங்ஸ்டவுன் கல்யாணங்களில் உறவுக்காரப் பெண்கள் வாரக்கணக்கில் சுட்டு அடுக்கும் குக்கீ மேசை வழக்கம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. அந்நகரின் பிரையர் ஹில் பகுதியில் தேவாலயத்துக்காக பீட்சா சுட்டு விற்பதும் நிற்கவில்லை. கூடிச் செய்யும் பழக்கம் அந்த மக்களிடம் சாகவில்லை. அதைத் தாங்கிய நிறுவனங்கள்தான் செத்தன.

திரும்ப வருமா என்று கேட்டால், லார்ட்ஸ்டவுனைக் கவனியுங்கள் என்பேன். யங்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் 1966இல் திறந்த ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கார் ஆலை 2019 மார்ச்சில் கார் செய்வதை நிறுத்தியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் டிரம்ப் யங்ஸ்டவுன் கூட்டத்தில், வேலைகள் எல்லாம் திரும்பி வரும், வீட்டை விற்காதீர்கள் என்று பேசியிருந்தார். பக்கத்திலேயே ஜிஎம் கூட்டுநிறுவனமான அல்டியம், மின்கார் பேட்டரி ஆலையை 2022இல் தொடங்கியது. தொடக்கக் கூலி மணிக்கு 16 டாலர் சொச்சம். பழைய கார் ஆலையில் மூத்த தொழிலாளி வாங்கியதில் ஏறத்தாழப் பாதி. அந்த ஆண்டு டிசம்பரிலேயே தொழிலாளர்கள் வாக்கெடுப்பு நடத்தி, விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே எதிர்க்க, வாகனத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் இடைக்கால உடன்பாட்டில் கூலி ஏறியது. 2024இல் முழு ஒப்பந்தம் வந்தது, அதில் ஆலைப் பாதுகாப்புக்கான விதிகளும் சேர்ந்தன. மின்கார் விற்பனை மந்தமானால் அந்த ஆலையின் கதி என்ன என்பது ஜிஎம் தலைமையகம் இருக்கும் டெட்ராய்ட்டிலும் வாஷிங்டனிலும் முடிவாகும். அந்த முடிவில் ஊருக்கும் ஒரு குரல் வேண்டும் என்ற சட்டம் மட்டும், லாம்ப்ரோஸ் தீர்ப்புக்கு நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும், இன்னும் எழுதப்படவில்லை.